ஒரு வினையடை நின்ற இடம்

ஆங்கில இலக்கணம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கும் நண்பர்களைச் சற்றே நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது தேர்வு அன்று. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு கடிதம்.

நான் இக்கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருந்த சமயம். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று முதலில் ஓர் அஞ்சலட்டை வந்தது. சில நாள் கழித்து ஆங்கிலத்தில் ஒரு நீண்ட கடிதம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் நான். அம்மா அதைக் கையில் கொடுத்து, "என்னய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டார். அதன் முதல் வாக்கியம் இது:

'இட் ஈஸ் ரிக்ரெட்டட் தட் யூ வேர் ராங்லி இன்ஃபார்ம்டு தட் யுவர் அப்ளிகேஷன் ஹேட் பீன் ரிஜெக்டட்.'

'ரிக்ரெட்டட்' என்றால் வருத்தம், தெரியும். 'ரிஜெக்டட்' என்றால் நிராகரிப்பு, அதுவும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பொருள் கண்டுவிட்டேன். "தள்ளிட்டாங்கம்மா, அதையே திரும்ப எழுதியிருக்காங்க" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. கடிதம் அரிசிப் பானைக்குப் பின்னால் செருகப்பட்டது. செருகியவன் நானே. செயப்பாட்டு வினையில் எழுதினால் செய்தவன் மறைந்துகொள்ளலாம் என்பதற்கு இவ்வாக்கியமே முதல் எடுத்துக்காட்டு.

எட்டாம் நாள், உதவித்தொகை என்ன ஆயிற்று என்று ஆங்கில விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார். "தம்பி, விண்ணப்பத்தை யாரும் நிராகரிக்கலை. நிராகரிச்சதா உனக்குத் தவறா தெரிவிச்சுட்டோம்னு வருத்தப்படுறாங்க. சான்றிதழ் நகலைப் பத்து நாளுக்குள்ள அனுப்பச் சொல்லி அடியில இருக்கு பார். இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு" என்றார். அன்றே முதல்வரிடம் சான்றொப்பம் பெற்று, மறுநாள் காலைப் பேருந்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். 'ராங்லி' என்ற ஒரு சொல்லைக் கவனியாததால் மூன்றாண்டுப் படிப்பே கைநழுவ இருந்தது. அதன்பின் அவரிடம் கேட்டும், நானே படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன். எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுப் படியுங்கள். எந்தச் சொல் எங்கே நிற்கிறது என்பது காதிலேயே விழும்.

1. வினையடையின் இருக்கை

ஆங்கிலச் செயப்பாட்டு வினை இரண்டு உறுப்புகளால் ஆனது. ஒன்று 'ஈஸ், வாஸ், வேர்' போன்ற துணைவினை. மற்றொன்று முதன்மை வினையின் மூன்றாம் வடிவம். செயல் எப்படி நடந்தது என்று கூறும் வினையடை பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவே அமரும். 'தி பில்டிங் வாஸ் பேட்லி டேமேஜ்டு' என்பது இயல்பான வழக்கு.

துணைவினைகள் இரண்டானால் என்ன செய்வது? தன்மை கூறும் சொல் முதன்மை வினையை ஒட்டி நிற்கும்: 'ஹேஸ் பீன் கேர்ஃபுல்லி எக்ஸாமின்டு', அதாவது கவனமாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. பேசுபவரின் கருத்தைக் கூறும் சொல்லோ முதல் துணைவினையை அடுத்து வரும்: 'ஹேஸ் ப்ராபப்லி பீன் எக்ஸாமின்டு', அதாவது அநேகமாகச் சோதிக்கப்பட்டிருக்கும். முன்னது சோதித்த விதத்தைச் சொல்கிறது. பின்னது சொல்பவரின் ஊகத்தைச் சொல்கிறது.

துணைவினையையும் முதன்மை வினையையும் பிரித்து நடுவே சொல் வைப்பது பிழை என்று ஒரு காலத்தில் ஆங்கிலேயரிலேயே சிலர் நம்பினர். அது வெறும் மூடநம்பிக்கை என்று 1926-இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபவ்லர் மறுத்துவிட்டார்.

2. யாருடைய அடைமொழி?

செயப்பாட்டு வினையைத் தொடர்ந்து ஒரு துணை வாக்கியம் வந்தால், வாக்கியத்தில் வினைகள் இரண்டாகிவிடும். வினையடை எந்த வினைக்கு உரியது என்பதே அப்போது கேள்வி. என் கடிதத்தில் 'ராங்லி இன்ஃபார்ம்டு' என்று இருந்தது. ஆகவே தவறு தெரிவித்ததில். அதுவே 'இன்ஃபார்ம்டு தட் யுவர் அப்ளிகேஷன் ஹேட் பீன் ராங்லி ரிஜெக்டட்' என்றிருந்தால், தவறு நிராகரித்ததில். 'தட்' என்பது வேலி போன்றது. வேலிக்கு இப்பால் நிற்கும் வினையடை அப்பாலுள்ள வினையை மேயப் போகாது.

தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு. 'நிராகரிக்கப்பட்டதாகத் தவறாகத் தெரிவிக்கப்பட்டது', 'தவறாக நிராகரிக்கப்பட்டதாகத் தெரிவிக்கப்பட்டது' என்னும் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

'தட்' இல்லாமல் 'டு' வரும் இடத்தில் வேலி தாழ்வானது. அங்கே கூடுதல் கவனம் வேண்டும். 'ஹி வாஸ் ரிபீட்டட்லி டோல்டு டு ரைட்' என்றால், எழுதும்படி அவனுக்குப் பலமுறை சொல்லப்பட்டது. 'ஹி வாஸ் டோல்டு டு ரைட் ரிபீட்டட்லி' என்றால், பலமுறை எழுதும்படி சொல்லப்பட்டது என்றே படிப்பவர் கொள்வர். 'ஹி வாஸ் டோல்டு ரிபீட்டட்லி டு ரைட்' என்று நடுவில் வைத்தால், அச்சொல் இரு பக்கமும் பார்க்கும் மாறுகண் ஆகிவிடும். ஐயமற எழுத விரும்பினால் வினையடையைத் துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவே வைப்பதே நலம்.

3. ஒரு செய்திக்கு இரண்டு வாயில்கள்

பிறர் கருத்தைச் சொல்ல ஆங்கிலம் இரண்டு வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று 'இட் ஈஸ் ஸெட் தட்' என்று தொடங்குவது. மற்றொன்று, யாரைப் பற்றிய செய்தியோ அவரையே எழுவாயாக்கி 'ஹி ஈஸ் ஸெட் டு' என்று தொடங்குவது. கிரேக்கப் பெருங்கவி ஹோமர் பார்வையற்றவர் என்பது வழிவழி வந்த செய்தி. அதை, 'இட் ஈஸ் ட்ரடிஷனலி ஸெட் தட் ஹோமர் வாஸ் ப்ளைண்டு' என்றும் கூறலாம். 'ஹோமர் ஈஸ் ட்ரடிஷனலி ஸெட் டு ஹேவ் பீன் ப்ளைண்டு' என்றும் கூறலாம்.

இங்கே இரண்டைக் கவனிக்க வேண்டும். வாயில் மாறினாலும் வினையடை 'ஸெட்' என்ற வினையை விட்டு அகலவில்லை. சொல்வது இன்று, நிகழ்ந்ததோ அன்று. அக்கால வேறுபாட்டை இரண்டாம் வாயிலில் 'டு ஹேவ் பீன்' என்ற வடிவம் காட்டுகிறது. 'டு பி' என்று எழுதினால் ஹோமர் இன்றும் இருக்கிறார் என்று பொருள்பட்டுவிடும்!

4. நாம் வழுக்கி விழும் இடம்

'ஐ வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்டு தட்' என்று நம்மில் பலர் எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். இது பிழை. 'டெல், இன்ஃபார்ம்' ஆகிய வினைகள் செய்வினையில் ஆளை நேரடியாகப் பெறும்: 'ஹி டோல்டு மி தட்'. ஆகவே அந்த ஆள் செயப்பாட்டில் எழுவாயாகலாம்: 'ஐ வாஸ் டோல்டு தட்'. 'எக்ஸ்ப்ளெய்ன், சஜெஸ்ட்' ஆகியவற்றுக்கோ 'டு மி' வேண்டும். ஆகவே 'இட் வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்டு டு மி தட்' என்பதே சரி. வினையடையும் வேண்டுமானால் 'இட் வாஸ் க்ளியர்லி எக்ஸ்ப்ளெய்ன்டு டு மி தட்' என்று எழுதலாம்.

நமக்கு மட்டும் ஏன் இந்த இடறல்? தமிழில் 'எனக்குச் சொன்னார்', 'எனக்கு விளக்கினார்' என இரண்டுக்கும் நான்காம் வேற்றுமையே வருகிறது. நம் மொழியில் இல்லாத வேறுபாட்டை நம் காது தேடுவதில்லை. அறிவுக் குறைவு என்று நாணவேண்டிய செய்தியன்று இது, கவனித்தால் தீரக்கூடியது.

இன்னொன்று: 'தே மேட் மி வெயிட்' என்ற செய்வினையில் 'டு' இல்லை. செயப்பாட்டில் அது வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'.

5. மறைந்திருப்பவர் யார்?

செய்வினையில் எழுதக்கூடிய இடத்தில் செயப்பாட்டை எழுதாதீர் என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் ஒரு கட்டுரையில் அறிவுறுத்தினார். எனினும் அதை அடியோடு விலக்க இயலாது. உப்பு நீரில் கரைக்கப்பட்டது என்று வேதியியல் ஏட்டில் எழுதும்போது, கரைத்தவர் யார் என்பது தேவையில்லை. ஆனால் என் கடிதத்தில் வருந்துபவர் யார், தவறாகத் தெரிவித்தவர் யார் என்பது எங்கும் இல்லை. பொறுப்பு மறையும் இடத்திலும் இவ்வினை நன்றாகவே பயன்படுகிறது.

ஆகவே நண்பர்களே, இத்தகைய வாக்கியம் எதிர்ப்பட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். செய்தவர் யார்? வினையடை எந்த வினையைச் சார்ந்து நிற்கிறது? துணை வாக்கியம் எங்கே தொடங்குகிறது? இம்மூன்றுக்கும் விடை கண்ட பிறகே பொருள் சொல்லுங்கள்.

உதவித்தொகை வந்து சேர்ந்தது. இப்போது எங்கள் தெருவில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டு வருகிறார்கள். நான் படிக்கத் தொடங்கும்போது அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்: "முழுசாப் படிச்சுட்டுச் சொல்லுய்யா."