பவளத் தொட்டியும் பாசியும்

கண்ணாடித் தொட்டியில் கடல் நீர் நிரப்பிப் பவளம் வளர்ப்போர் பலருக்கும் முதற்பகையாய் வந்து நிற்பது பாசி. சில வாரங்களில் பாறையெங்கும் பச்சை மயிர்போல் படர்ந்து, பவளத்தின் மேல் ஏறி, அதன் ஒளியையும் இடத்தையும் கவர்ந்து கொள்கிறது. “நீரில் சத்து மிகுந்துவிட்டது, அதை அடியோடு நீக்குக” என்பது இதற்குப் பலரும் கூறும் மருந்து. இதில் பாதியே உண்மை. மறுபாதி பவளத்தையே கொன்றுவிடக்கூடும். இதனையே நான் இங்கு விளக்க விரும்புகிறேன்.

பவளம் கல்லன்று, உயிர். பாறை கட்டும் பவளங்களின் உடலுக்குள் ஓருயிரணுப் பாசிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. பகலொளியில் அவை ஆக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்திற்கே செல்கிறது. பவளத்தின் கழிவு அப்பாசிக்கு உரமாகிறது. ஆகவே இங்கே பகைவனும் பாசி, நண்பனும் பாசி. வெளிப்பாசியைப் பட்டினி போட்டால் உட்பாசியும் பட்டினி கிடக்கும். பவளம் நிறம் வெளுத்து மெலியும்.

சத்து எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் கையிலிருந்துதான். மீனுக்கு இடும் இரை கழிவாகி அம்மோனியாவைத் தருகிறது. பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பாஸ்பேட்டும் இரையோடு வருவதே. அதில் ஒரு பகுதி சுண்ணாம்புப் பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு, நீரில் பாஸ்பேட் குறையும்போது மெல்லக் கசிகிறது.

இவ்விரண்டிற்கும் உள்ள விகிதம் பற்றி ஒரு சொல். கடலின் நுண்ணுயிர்களது உடலமைப்பும் கடல் நீரிலுள்ள சத்துகளும் ஒத்த விகிதத்தில் இருப்பதை அமெரிக்க அறிஞர் ஆல்பிரட் ரெட்பீல்டு 1934-இல் எடுத்துக் காட்டினார். கரி 106, நைட்ரசன் 16, பாஸ்பரஸ் 1 என்பது அவர் பெயரால் வழங்கும் விகிதம். இது அணுக்களின் எண்ணிக்கை. எடையாக மாற்றினால் 1 பங்கு பாஸ்பேட்டுக்கு ஏறத்தாழ 10 பங்கு நைட்ரேட் ஆகும். ஆனால் இதனை மருந்துச் சீட்டாகக் கொள்வது தவறு. இது உயிரின் உடற்கணக்கே தவிர, தொட்டி நீருக்கு இட்ட கட்டளையன்று. தொட்டி வளர்ப்போர் பலர் லிட்டருக்கு நைட்ரேட் 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற எல்லையில் வைத்து நலங்காண்கின்றனர். எனினும், ஒன்று மிகுந்து மற்றது அற்றுப்போவது தீது. நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட்டுக்குப் பஞ்சம் நேர்ந்தால், பவளம் வெப்பத்திலும் ஒளியிலும் எளிதில் வெளுக்கும் என்று வீடன்மன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது.

இன்னொரு மயக்கமும் உண்டு. பாசி தழைத்த தொட்டியின் நீரைச் சோதித்தால் சில வேளை பாஸ்பேட் சுழியம் என்று வரும். சத்து இல்லை என்பது அதன் பொருளன்று. வந்த சத்தையெல்லாம் பாசி உண்டுவிட்டது என்பதே பொருள். ஆகவே சோதனை எண்ணை மட்டும் நம்பாது கண்ணையும் நம்புக.

இனிச் செய்ய வேண்டுவன யாவை? முதலில் இரையை அளவோடு இடுக. உப்புக் கரைக்கும் நீர் எதிர்ச் சவ்வூடு முறையில் தூய்மை செய்ததாக இருக்கட்டும். நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி, கழிவு அழுகுமுன்னே அதனை வெளியேற்றும். நீர் மாற்றுவது நன்று. ஆயினும் பத்தில் ஒரு பங்கை மாற்றினால் சத்தும் பத்தில் ஒரு பங்கே குறையும். 40 மில்லிகிராம் 36 ஆகும், அவ்வளவே. பாதியாக ஏறத்தாழ ஏழு முறை மாற்ற வேண்டும். பக்கத் தொட்டியில் வேறொரு பாசியை வேண்டுமென்றே வளர்த்து, அவ்வப்போது அறுத்தெடுத்தால், சத்தும் அதனுடன் வெளியேறும். பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு மணிகளைச் சிறிது சிறிதாகவே இடுக. ஒரே நாளில் நீரை வறளச் செய்தால் பவளம் தாங்காது.

மேயும் உயிர்களும் வேண்டும். நத்தை, கடல் முள்ளெலி, ஓரா மீன் ஆகியவை பாசியைக் கொறித்து அடக்குவன. அவற்றின் அருமையை ஜமைக்காவின் கடல் நமக்குக் கற்பித்தது. மிகுந்த மீன்பிடிப்பால் மேயும் மீன்கள் அங்கே முன்னரே அருகிவிட்டன. 1980-இல் பெரும்புயல் பவளத்தை நொறுக்கியது. 1983-இல் நோயொன்று கரிய முள்ளெலிகளை வாரிக்கொண்டு போயிற்று. 1977-இல் நூற்றுக்கு 52 பங்காயிருந்த பவளப் பரப்பு 1993-இல் 3 பங்காயிற்று. பாசியோ 4-இலிருந்து 92 ஆயிற்று. சத்தின் பங்கை ஹவாய்த் தீவுகளின் கானியோகே விரிகுடா காட்டுகிறது. அங்கே கலந்துவந்த சாக்கடை நீரை 1977-78-இல் வேறிடம் திருப்பிய பின், பவளத்தை மூடியிருந்த பச்சைப் பாசி சில ஆண்டுகளில் பெரிதும் குறைந்தது. தொட்டிக்கும் கடலுக்கும் விதி ஒன்றே: வருவது அளவோடு இருத்தல் வேண்டும், மேய்வதும் இருத்தல் வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் கற்பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து அவற்றைப் பெயர்த்தெடுப்பது குற்றம். விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் செல்லும் நண்பர்கள் இதனை மறவாதிருப்பார்களாக. பவளத்தைக் கொணர்ந்து காப்பதினும், அது வாழும் நீரைக் கெடாமற் காப்பதே முதற்கடமை.