பாய்மரப் படகில் இளையோர்

காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரிக்குத் திரையனேரி என்பது பழம்பெயர் என்பர். திரை என்பது அலை. பெரும்பாணாற்றுப்படையின் தலைவனான தொண்டைமான் இளந்திரையனை அப்பெயர் நினைவூட்டும். அவன் ஆண்ட தொண்டை நாட்டின் கடற்கரையிலே இன்று சென்னைத் துறைமுகம் உளது. 1911 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இராயல் மெட்ராஸ் யாட் கிளப்பினர் அங்கே பாய்மரப் படகுகளைச் செலுத்தி வருகின்றனர்.

பெற்றோருடன் அத்தகைய படகேறும் இளம்பிள்ளைகளுட் பலர் விரைவிற் சலிப்புறுவர். அதற்குக் காரணம் கடலன்று, செய்வதற்குத் தொழிலின்மையே. மூட்டைபோல் ஓரிடத்தில் இருத்தப்பெற்ற பிள்ளைக்குக் குமட்டலும் எளிதில் வரும். அப்பிள்ளையின் கையிற் சுக்கானைக் கொடுத்தால், கண் தானே தொடுவானத்தை நோக்கும். குமட்டலும் பெரும்பாலும் தணியும். காற்றின் திசைக்கேற்பப் பாய்க்கயிற்றை இழுத்தலும் தளர்த்தலும் அதன் பொறுப்பாயின், பொழுது போவதே தெரியாது. தந்தையார் அருகிருந்து காத்தல் போதும். கணந்தோறும் ஏவுதல் வேண்டா. வெயிலுக்கு நிழலும், குடிநீரும், உடலளவிற்குப் பொருந்திய மிதவைச் சட்டையும், தன் பொருளை வைக்க ஒரு மூலையும் இன்றியமையாதன.

அமெரிக்கரான கிளார்க் மில்ஸ் 1947 இல் சிறுவர்க்கெனவே ‘ஆப்டிமிஸ்ட்’ என்னும் சிறு படகை வகுத்தார். அதில் ஏறும் சிறுவன் தானே மீகாமன். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2009 இல் ஒரு கோடைப் பயிற்சியிற் பாய்மரப் படகு பழகினார். பாய்மரப் படகுப் போட்டிக்காக ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணியாகி, 2021 இல் டோக்கியோவில் அவர் போட்டியிட்டார்.