பெயரைப் பார்த்து வாங்காதீர், தலைமுறையைக் கேட்டு வாங்குவீர்!



துவரம்பருப்பு மூட்டை வந்து இறங்கினால், சாக்கின்மேல் அச்சடித்த பெயரை மட்டும் பார்த்து நாம் விலை பேசுவதில்லை. கைவிட்டு அள்ளி, புது வரத்தா, பழைய இருப்பா என்று பார்க்கிறோம். கணிப்பொறி வாங்கப் போகும்போது மட்டும் இந்த நல்ல பழக்கத்தைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். அப்படிப் போய் நாம் பட்ட பாட்டை முதலில் சொல்கிறோம், பாடம் பிறகு.

நாம் இராஜபாளையத்தில் சர்க்கரை, பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைகள் சிலவற்றுக்கு நம்மிடமிருந்துதான் சர்க்கரை போகிறது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின், இரவில் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஒரு கணிப்பொறி வேண்டியிருந்தது. பேரப்பிள்ளைகள் படிப்புக்கும் ஆகட்டும் என்று 2018-ல் வாங்கினோம். "ஐ5 அண்ணாச்சி, உசத்தியான சரக்கு" என்றார் விற்றவர். விலையும் மலிவு. மறுபேச்சுப் பேசாமல் தூக்கி வந்தோம்.

2024 ஆடிப்பூரத் தேருக்கு முந்தின வாரம் அது நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து, "மதர்போர்டு போய்விட்டது. உள்ளே இருப்பது 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ5. இதற்குப் பழைய போர்டு தேடிப் போடலாம், உத்தரவாதம் தர முடியாது" என்றார். ஆறு ஆண்டுகளுக்கு முன் புதிது என்று நாம் வாங்கியது, அன்றைக்கே ஆறு ஆண்டுப் பழசு!

பணம் போனதைவிடப் பெரிய சங்கடம் வேறு. பால்கோவாக் கடைகளின் பாக்கிக் கணக்கெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு கடைக்காரர், "அண்ணாச்சி, என் பாக்கி எவ்வளவு? தேருக்கு முன்னால் நேர் செய்துவிடுகிறேன்" என்று கேட்டார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அவரே தம் சிட்டையைப் பார்த்துச் சொன்ன தொகையை வாங்கிக்கொண்டோம். பிறகு ஹார்டு டிஸ்கிலிருந்து கணக்கை எடுத்துப் பார்த்தபோது ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. அவருடைய நாணயம் நம்மைக் காப்பாற்றியது. இனிப் பாடத்துக்கு வருவோம்.

1. எண்ணைப் பாருங்கள்

கணிப்பொறியில் பிராசஸர் என்பது கணக்குப்பிள்ளை. மதர்போர்டு என்பது அவர் உட்காரும் கடைக்கட்டு. ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் நிறுவனம் வைத்த தரப் பெயர்கள். எந்த ஆண்டுச் சரக்கு என்பதை அடுத்து வரும் எண்தான் சொல்லும். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது. இரண்டிலும் 4 கோர்தான். ஆனாலும் பின்னது ஒரே நேரத்தில் 8 வேலைகளைக் கையாளும்; வேகமும் அதிகம். "ஐ3 தானே" என்று ஒதுக்குபவர் நல்ல சரக்கை விட்டுவிடுகிறார்.

இதில் இன்னொரு காரியமும் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக இன்டெலில் எட்டாம் தலைமுறையோ, ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையோ, அதற்கு மேற்பட்டதோ வேண்டும். வரிக்கணக்கும் வங்கிக்கணக்கும் பார்க்கும் பொறியில் பாதுகாப்புத் திருத்தம் வராதது, பூட்டில்லாத கல்லாப்பெட்டி போன்றது.

2. ஜோடி சேர்கிறதா?

பிராசஸர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். படிக்கல் மாறினால் தராசு பொய் சொல்லும். சாக்கெட் மாறினால் பிராசஸர் உட்காரவே உட்காராது. இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட். சிக்கனத்துக்கு எச் 610 போர்டு போதும். பின்னாளில் இன்னும் வேகம் வேண்டுமானால், பயாஸ் திருத்தம் செய்து, அதே போர்டில் 14-ஆம் தலைமுறை பிராசஸரை மாட்டலாம். ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600ஜி என்பது ஏ.எம். 4 சாக்கெட், ஏ 520 போர்டு பொருந்தும்.

நினைவகமும் அப்படித்தான். டி.டி.ஆர். 4 துண்டு டி.டி.ஆர். 5 போர்டில் ஏறாது. எச் 610 போர்டு இரண்டு வகையிலும் வருவதால் எது என்று கேட்டு வாங்குங்கள்.

3. கடைசி எழுத்தைப் பாருங்கள்

ஐ3-12100எஃப் என்று எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் விலை சற்றுக் குறையும். ஆனால் அதில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இல்லை. தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். மிச்சம் பிடித்தது அதிலே போய்விடும். ரைசன் 5 5600-க்கும் அது இல்லை, 5600ஜி-க்கு உண்டு. கணக்குக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் தனிக் கார்டு தேவையே இல்லை. அந்தப் பணத்துக்கு எஸ்.எஸ்.டி. வாங்கினால் கணிப்பொறி சுறுசுறுப்பாக எழுந்திருக்கும்.

4. பில்லில் எழுதி வாங்குங்கள்

மதுரையில் வாங்கினாலும், சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், "ஐ5 கணிப்பொறி ஒன்று" என்று மொத்தமாக எழுதிய பில்லை ஏற்காதீர்கள். பிராசஸரின் முழு எண், போர்டின் மாடல், இரண்டின் சீரியல் எண், உத்தரவாத ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும். சீல் வைத்த பெட்டியைக் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டியில்லாத பிராசஸர் மலிவாக வந்தால், உத்தரவாதம் யார் பொறுப்பு என்று கேளுங்கள். பழைய சரக்கு வாங்குவது குற்றமில்லை. புதுச் சரக்கின் விலைக்கு வாங்குவதுதான் நஷ்டம்.

நாம் இப்போது ஐ3-12100-உம் எச் 610 போர்டும் வைத்திருக்கிறோம். சனிக்கிழமைதோறும் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுக்கிறோம். பாக்கிப் பட்டியலை ஒரு நோட்டிலும் எழுதி வைக்கிறோம். அடுத்த ஆடிப்பூரத்தில் அதே பால்கோவாக் கடைக்காரர் பாக்கியைக் கேட்டார். அவர் சிட்டையைப் பிரிப்பதற்குள் நாம் தொகையைச் சொல்லிவிட்டோம்.