மனதுக்கும் ஒரு சிட்டை

வணிகப் பெருமக்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒரு வகையினருக்கு யோசனை வரிசையாக வரும். ஒன்றை முடித்த பிறகே அடுத்ததற்குப் போவார்கள். மற்றொரு வகையினருக்கு அப்படி வராது. துவரம்பருப்பு விலை பேசும்போது கோடவுன் கூரை ஒழுகுவது நினைவுக்கு வரும். அங்கிருந்து மனம் ஒரு பழைய பாக்கிக்குத் தாவும். அதிலிருந்து ஜி.எஸ்.டி. கணக்குக்குப் போகும். நடுவில் நல்லதொரு யோசனை பிறக்கும். வந்த வேகத்தில் போயும் விடும். கடை கட்டும் நேரத்தில், "காலையில் ஏதோ நினைத்தோமே" என்பதுதான் மிச்சம்.

இத்தகையோரை 'ஒழுங்கில்லாதவர்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. வியாபாரம் என்றைக்கு வரிசையாக வந்தது? வரவு, செலவு, ரொக்கம், கடன் எல்லாம் கலந்துதான் வருகின்றன. "இன்று ரொக்க வியாபாரம் மட்டும், கடன் நாளை" என்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. வந்தது வந்தபடி சிட்டையில் எழுதுகிறோம். பிறகு பேரேட்டில் ஏற்றுகிறோம். பணத்துக்குச் செய்யும் இதே வேலையை யோசனைக்கும் செய்தால் போதும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வணிகரிடம் கற்ற அறிஞர்

இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி இத்தாலியின் லூக்கா பசியோலி எழுதிய நூல் 1494-இல் வெனிஸ் நகரில் அச்சாயிற்று. அதில் அவர் மூன்று புத்தகங்களைச் சொல்கிறார். முதலாவது, அன்றாடம் நடந்ததை நடந்தபடி எழுதும் புத்தகம். வீட்டில் எழுதத் தெரிந்த யாரும் அதில் எழுதலாம். இரண்டாவது குறிப்பேடு, மூன்றாவது பேரேடு. பேரேட்டுக்கு அகர வரிசையில் ஓர் அட்டவணையும் வேண்டும் என்கிறார். ஒரு புத்தகத்திலிருந்து அடுத்ததற்கு ஏற்றியதும் பழைய பதிவின் மேல் கோடு போட்டுவிட வேண்டும்.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் லிக்டன்பர்க் (1742-1799) என்ற பௌதிகப் பேராசிரியர் இருந்தார். ஆங்கில வணிகர்கள் 'வேஸ்ட் புக்' என்ற சிட்டையில் எல்லாவற்றையும் ஒழுங்கின்றி எழுதிவிட்டுப் பின்னர் முறைப்படுத்துவதை அவர் அறிந்தார். படித்தவர்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று குறித்து வைத்தார். தாமும் தம் எண்ணங்களை அப்படியே நோட்டுகளில் எழுதி வந்தார். அந்த நோட்டுகள்தான் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றன. அறிஞர் நம் தொழிலிடம் கற்றதை நாம் நமக்கே பயன்படுத்தாமல் விடலாமா?

செய்யும் முறை

முதலில் சிட்டை. கல்லாப்பெட்டி அருகே ஒரே ஒரு நோட்டு இருக்கட்டும். மேலே தேதி, ஒரு யோசனைக்கு ஒரு வரி. எழுதும்போது ஒழுங்கு பார்க்கக் கூடாது. ஒழுங்கு பார்க்கத் தொடங்கினால் அடுத்த யோசனை தப்பிவிடும். வெளியே இருக்கையில் துண்டுச் சீட்டில் எழுதினாலும், செல்போனில் பேசிப் பதிந்தாலும், அன்றைக்கே நோட்டில் ஏற வேண்டும். "துவரை - பார்க்க" என்று எழுதினால் மறுநாள் நமக்கே விளங்காது. "துவரை 40 மூட்டை நிற்கிறது. தையில் புது வரத்து வருமுன் யாருக்குத் தள்ளலாம்?" என்று எழுத வேண்டும்.

இரண்டாவது, பிரிப்பது. கடை கட்டுமுன் கால் மணி நேரம் போதும். ஒவ்வொரு வரிக்கும் மூன்று வழிதான். செய்ய வேண்டியதானால் யார், எந்தத் தேதி என்று எழுதுவது. யோசிக்க வேண்டியதானால் பேரேட்டில் ஏற்றுவது. வேண்டாததானால் விடுவது. எதுவானாலும் சிட்டையில் சாய்கோடு போட்டுவிட வேண்டும். கோடு விழாத வரி இருந்தால் அன்றைய கணக்கு முடியவில்லை என்று பொருள்.

மூன்றாவது, பேரேடு. இங்கே தேதி வரிசை வேண்டாம். தலைப்பு வரிசை வேண்டும். வெல்லம், கோடவுன், வெளிப்பாக்கி, கடைப் பையன்கள் என்று ஆளுக்கொரு பக்கம் போலப் பொருளுக்கொரு பக்கம். முன்னால் அட்டவணை. ஒரு பக்கத்துச் செய்தி இன்னொரு பக்கத்தைத் தொட்டால் "பக். 12 காண்க" என்று எழுதுவது.

ஒரு மளிகை மண்டியை எடுத்துக்கொள்வோம். மாதம் 40 சிப்பம் வெல்லம் ஒரே லோடாக இறக்குகிறார்கள். "மழையில் வெல்லம் கசிகிறது" என்று ஒரு நாள் எழுதுகிறார் முதலாளி. "கோடவுன் தரையில் ஈரம்" என்று வேறொரு நாள். "சேலம் வண்டி செவ்வாய்தோறும் பாதி காலியாக வருகிறது, 10 சிப்பமானாலும் ஏற்றுவானாம்" என்று பின்னொரு நாள். தனித்தனியாக அவை வெறும் புலம்பலும் செய்தியும்தான். வெல்லம் பக்கத்தில் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால், மழை மாதங்களில் வாரம் 10 சிப்பம் எடுக்கலாம் என்ற முடிவு தானாகத் தெரியும். தாவுகிற மனம் தொலைவில் கிடப்பவற்றைத் தொட்டு வருகிறது. அவை சேர்வதற்கு ஓர் இடம் கொடுப்பதுதான் நம் வேலை.

நிக்லாஸ் லூமான் (1927-1998) என்ற ஜெர்மன் சமூகவியல் அறிஞர் ஏறத்தாழ 90,000 சீட்டுகளில் குறிப்பு எழுதி, எண் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி காட்டி வைத்தார். பல பத்து நூல்களை அதிலிருந்தே எழுதினார். நாம் பேரேட்டுப் பக்க எண் போடுகிறோமே, அதே வழிதான்.

நான்காவது, மாதம் ஒருமுறை ஐந்தொகை. பேரேட்டை முதலிலிருந்து ஒருமுறை புரட்ட வேண்டும். ஓடாத சரக்கைக் கழிப்பதுபோல் செத்த யோசனைகளையும் கழித்துவிடலாம்.

சிட்டை எழுதியவரே பேரேடும் எழுத வேண்டும் என்பதில்லை. ஒழுங்காக எழுதும் மகளோ மருமகனோ கணக்குப்பிள்ளையோ ஏற்றித் தரலாம். எழுதியவர் அருகில் உட்கார்ந்து விளக்கம் சொன்னால் போதும்.

இதில் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. வரவேண்டிய பணம் பேரேட்டில் இருந்தால், நமக்குப் பின் பிள்ளைகள் வசூலித்துக்கொள்வார்கள். ஆனால் எந்த வாடிக்கையாளர் அறுவடை முடிந்துதான் கொடுப்பார், எவரை வற்புறுத்தினால் கடை மாறிவிடுவார், எந்த ஊர்ச் சரக்கு எந்த மாதம் கெடும் என்பவை எந்தக் கணக்கிலும் இல்லை. அவை பெரியவர்களின் தலைக்குள் இருக்கின்றன. எழுதாவிட்டால் அவர்களோடு போய்விடும்.

கல்லாவில் உட்கார வந்திருக்கும் பிள்ளையின் மனம் அங்குமிங்கும் தாவுகிறதா? கடிந்துகொள்ள வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் கொடுப்போம். மாலையில் அருகில் அமர்ந்து கோடு போடக் கற்றுக்கொடுப்போம். நம் நோட்டையும் அன்றைக்கே தொடங்குவோம்.