வீடு திரும்பிய நோயாளிக்கு நாள்தோறும் இருபது நிமிடத் தூய்மை

மருத்துவமனையில் நோயாளியின் படுக்கையைச் சுற்றியுள்ள இடத்தை ஒரு நாளில் பலமுறை துடைப்பதற்கென்றே ஆட்கள் உள்ளனர். நோயாளி வீடு திரும்பும் நாளிலேயே அப்பொறுப்பு குடும்பத்தாரின் கைக்கு வந்துவிடுகிறது. அதே வீட்டில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருப்பர், அலுவலகத்திற்கு விரைவோர் இருப்பர், முதியவர்களும் இருப்பர். இவர்கள் அனைவரையும் கவனித்துக்கொண்டு வீடு முழுவதையும் நாள்தோறும் கழுவித் துடைக்க எவராலும் இயலாது. அதற்குத் தேவையும் இல்லை.

புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டோர், அறுவைப் புண் ஆறாதோர், நீரிழிவு கட்டுக்குள் வராதோர் ஆகியோருக்கு, மற்றவர்களைப் பெரிதும் பாதிக்காத கிருமிகூடக் கேடு விளைவிக்கலாம். அவர்களைக் காக்கும் தூய்மை எது, அதனை இருபது நிமிடத்தில் எவ்வாறு முடிப்பது என்பதே இப்பாடத்தின் பொருள்.

போகியும் கோலமும்

நம் இல்லங்களில் இருவகைத் தூய்மை வழக்கில் உண்டு. ஒன்று, போகிக்கு முன் ஆண்டுக்கொருமுறை பரண் வரை இறக்கி ஒட்டடை அடிப்பது. மற்றொன்று, விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடுவது. முன்னது பெரிய வேலை. ஒரு நாள் முழுதும் பிடிக்கும். பின்னது சிறிய இடத்தில், குறித்த நேரத்தில், ஒரு நாளும் தவறாது நடைபெறுவது. நோயாளி உள்ள வீட்டிற்குத் தேவை இந்தக் கோலத்தின் முறையே.

காரணம் எளிது. கிருமிகள் பெரும்பாலும் கைகளின் வழியாகவே பரவுகின்றன. பரணில் கிடக்கும் தூசியைவிட, பத்துப் பேர் தொடும் கழிவறைத் தாழ்ப்பாளே நோயாளிக்கு அருகில் உள்ள ஆபத்து. தாழ்ப்பாளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைத்தால் திங்களன்றே அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

1847-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், மகப்பேற்றுப் பிரிவில் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவவேண்டும் என்று விதித்தபோது, தாய்மார்களின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. 1859-இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிய செவிலியம் பற்றிய நூல், இல்லத்தின் நலத்திற்கு இன்றியமையாதனவாகத் தூய காற்று, தூய நீர், முறையான கழிவுநீர் வடிகால், தூய்மை, ஒளி என ஐந்தைக் குறிக்கிறது. உலர்ந்த துணியால் தட்டுவது தூசியை ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்கு மாற்றுவதேயன்றி அகற்றுவதாகாது என்றும் அவர் விளக்கினார். இவ்விரு பாடங்களும் இன்றும் மாறவில்லை.

கடலோர வீட்டின் இயல்பு

சாந்தோம், பட்டினப்பாக்கம், மயிலாப்பூர்ப் பகுதிகளில் வாழ்வோர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். நண்பகலை ஒட்டி வீசத் தொடங்கும் கடற்காற்று உடலுக்கு இதமானது. ஆயினும் அது உப்பையும் ஈரத்தையும் உடன் கொண்டுவருகிறது. உப்பு ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. ஆதலால் இங்கே தரை பிசுபிசுக்கும். துணி முழுதாக உலராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரின் மூலையில் பூஞ்சை படரும்.

நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் நுரையீரலுக்குப் பூஞ்சை தீங்கானது. நோயாளியின் கட்டில் ஈரச்சுவரை ஒட்டி இருக்கலாகாது. ஒரு சாண் அளவேனும் இடைவெளி விடுங்கள். வெள்ளையணுக்கள் குறைந்துள்ளவரின் அறையில் பூந்தொட்டிகளும் குவளை நீரில் நிற்கும் மலர்களும் வேண்டா. பால்கனியிலும் குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதியிலும் புறாக்களின் எச்சம் சேர்ந்திருந்தால், அதனை உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. முகக்கவசம் அணிந்து, நீர் தெளித்து நனைத்த பின்னரே அகற்றவேண்டும். அப்பணியை நோயாளி செய்யலாகாது. அருகில் நிற்கவும் வேண்டா.

காலை: பத்து நிமிடம்

முதலில் சோப்பிட்டுக் குறைந்தது இருபது நொடி கைகளைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசுவலை அடித்த சன்னல்களைத் திறந்து ஒளியும் காற்றும் வரச் செய்யுங்கள். பின்னர் இவ்வரிசையில் செல்லுங்கள்.

சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நோயாளியின் கை படும் இடங்களைத் துடையுங்கள். கட்டிலின் விளிம்பு, மருந்து வைக்கும் சிறுமேசை, மின்விளக்குச் சுவிட்ச், ரிமோட், கதவின் கைப்பிடி, ஊன்றுகோல் ஆகியவை அவை. சுவிட்சையும் ரிமோட்டையும் துடைக்கும்போது துணியில் நீர் சொட்டலாகாது. செல்பேசியை மறவாதீர்கள், அது மருத்துவமனைக்கும் கடைக்கும் சென்று படுக்கைக்குத் திரும்பும் பொருள்.

அடுத்து, கட்டிலைச் சுற்றியும் அங்கிருந்து கழிவறை வரையும் உள்ள தரையை ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கவேண்டியிருந்தால் நோயாளி வேறு அறையில் இருக்கும்போது பெருக்குங்கள். தரை முழுதும் உலரும் வரை அவரை நடக்கவிடாதீர்கள். நீரிழிவாலோ மருந்துகளாலோ பாதம் மரத்துப்போனவர்களுக்கு ஈரத்தரை பெரும் ஆபத்து. இடுப்பெலும்பு முறிந்தால் அது புதிய நோயாகிவிடும்.

இறுதியாகக் கழிவறை: தாழ்ப்பாள், குழாய், நீர்விடும் பொத்தான், இருக்கை என்னும் நான்கும். இதற்கெனத் தனி நிறத்தில் ஒரு துணி இருக்கட்டும். தூய இடத்திலிருந்து அழுக்கான இடத்திற்குச் செல்வதே நெறி. கழிவறையைத் துடைத்த துணி ஒருபோதும் படுக்கையறைக்குத் திரும்பலாகாது. முடிவில் மீண்டும் கை கழுவுங்கள்.

மாலை: ஐந்து நிமிடம்

கொடியில் உலரும் துணிகளை மாலை ஈரம் ஏறுமுன் எடுத்துவிடுங்கள். பின்னர் வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து, தேங்கிய நீர் எங்குள்ளது என்று பாருங்கள்: பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மூடாத குடம், மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை ஆகியவை வழக்கமான இடங்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய நீரில்தான் முட்டையிடுகிறது. நம் வெப்பநிலையில் அம்முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாள்களே ஆகும். நீர் வற்றினும் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். ஏடிஸ் பகலில் கடிப்பது. சன்னலில் கொசுவலை பகலிலும் தேவை. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் வகைக் கொசுவோ கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பெருகி இரவில் கடிக்கிறது. மெட்ரோ வாட்டர் லாரி வந்து சென்றபின் சம்ப்பின் மூடி சரியாகப் பொருந்தியுள்ளதா என்று பாருங்கள்.

இரவு: ஐந்து நிமிடம்

இரவு உணவுக்குப் பின் பாத்திரம் கழுவும் தொட்டியையும் அடுப்பு மேடையையும் சோப்பு நீரால் துடையுங்கள். ஈரம் மாறாத கரித்துணியிலும் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சிலும் கிருமிகள் பெருகும். அவற்றை அலசிப் பிழிந்து விரித்துத் தொங்கவிடுங்கள். உணவுக் கழிவை இரவே வெளியேற்றினால் கரப்பானும் எலியும் அணுகா.

மீனும் இறைச்சியும் நறுக்கும் பலகையும் கத்தியும் காய்கறிக்குரியவற்றிலிருந்து வேறாக இருக்கட்டும். நோயாளி பயன்படுத்திய டயப்பர், கட்டுத்துணி ஆகியவற்றைச் செய்தித்தாளில் சுற்றித் தனியே வையுங்கள். இன்சுலின் ஊசிகளைக் குப்பையில் வீசினால் தூய்மைப் பணியாளரின் கையைக் குத்தும். தடித்த பிளாஸ்டிக் புட்டியில் இட்டு மூடி, எங்கு ஒப்படைப்பது என்பதைச் செவிலியரிடம் கேட்டறியுங்கள்.

மருந்து நீர் பற்றிய எச்சரிக்கை

நாள்தோறும் துடைப்பதற்குச் சோப்பு நீரே போதும். ஃபினாயிலின் மணம் தூய்மையின் அடையாளம் அன்று. ஆஸ்துமா உள்ளவர்க்கு அது மூச்சுத்திணறலைத் தரலாம். வீட்டில் எவருக்கேனும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் கழிவறைக்கு பிளீச் திரவம் தேவைப்படும். புட்டியில் 5 விழுக்காடு என்று குறித்திருந்தால், ஒரு லிட்டர் நீருக்கு 20 மில்லி சேர்த்தால் போதும். முதலில் அழுக்கைச் சோப்பு நீரால் அகற்றிய பின், இந்நீரை இட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். கலந்த நீர் அன்றைய நாளுக்கு மட்டுமே பயன்படும். கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

பிளீச்சுடன் கழிவறை ஆசிட்டை ஒருபோதும் கலவாதீர்கள். அவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

மருந்துச் சிகிச்சை பெற்ற முதல் 48 மணி நேரத்தில் புற்றுநோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் எச்சம் இருக்கும். அவற்றைத் துடைப்பவர் கையுறை அணியவேண்டும். கருவுற்ற பெண்கள் அப்பணியைத் தவிர்ப்பது நலம்.

வேலையைப் பகிர்தல்

பல இல்லங்களில் நோயாளியைக் கவனிப்பது, சமைப்பது, துடைப்பது என மூன்றும் ஒரே பெண்ணின் தோளில் விழுகின்றன. சில வாரங்களில் அவரே நோயுறுகிறார். அல்லது சோர்வினால் முறை தவறுகிறது. அவர் தளர்ந்தால் நோயாளியின் பாதுகாப்பும் தளரும். ஆதலால் இருபது நிமிடத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பிள்ளை ரிமோட்டையும் கதவுக் கைப்பிடிகளையும் துடைக்கலாம். வீட்டின் ஆண்கள் தரையையும் கழிவறையையும் ஏற்கலாம். பாட்டி மாலையில் துணிகளை மடித்து வைக்கலாம். மருத்துவர் இசைந்தால் நோயாளியே தம் சிறுமேசையை ஒழுங்குசெய்யலாம். தாம் பிறருக்குச் சுமையல்லர் என்னும் உணர்வு அவருக்கும் தேவை. வீட்டு வேலைக்கு ஓர் அம்மா வருவாராயின் துணிகளின் நிற வேறுபாட்டை அவருக்கும் சொல்லி, கையுறை வாங்கிக் கொடுங்கள்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இருமடங்கு செய்ய முயலாதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஐந்து நிமிடமே கிடைக்கும் நாளில் மூன்றை மட்டும் செய்யுங்கள்: கை கழுவுதல், நோயாளியின் மேசையைத் துடைத்தல், கழிவறையின் நான்கு இடங்களைத் துடைத்தல்.

குடும்பத்திற்கு ஒரு பயிற்சி

இன்று மாலை நோயாளி எழுந்தது முதல் உறங்கும் வரை அவர் கை படும் இடங்களை எல்லாம் பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதச் செய்யுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் துடைப்பவர் பெயரையும் வேளையையும் குறித்து, சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்து எது தவறியது என்று பார்த்து, தாளைத் திருத்துங்கள். வாரத்தில் ஒரு நாளைப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, மின்விசிறி, நீர்க்கலங்கள் ஆகியவற்றிற்கு ஒதுக்குங்கள்.

எப்போது மருத்துவரை அழைப்பது?

வீடு எவ்வளவு தூய்மையாக இருப்பினும் தொற்று ஏற்படலாம். அதற்காக எவரும் தம்மையோ பிறரையோ குறை கூறிக்கொள்ள வேண்டா. மருந்துச் சிகிச்சை பெறுபவருக்கோ மாற்று உறுப்புப் பெற்றவருக்கோ உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காமல் உடனே மருத்துவமனையை அழையுங்கள். அறுவைப் புண் சிவந்து வீங்கினாலோ சீழ் வடிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நோயாளி வழக்கத்திற்கு மாறாகக் குழம்பிப் பேசினாலோ அவ்வாறே செய்யுங்கள். அழைக்கவேண்டிய எண்ணை, கதவில் ஒட்டிய அத்தாளின் தலைப்பில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.