சிறார் அசைவூட்டப் படங்களில் அறிவுசார் குறைபாடு: எள்ளலும் நீக்கமும்

முன்னுரை

எடப்பாடி வட்டாரத்தில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டியே வீடு அமைந்திருப்பது இயல்பு. தறியோசைக்கு நடுவே, தமிழ் பேசும் அசைவூட்டப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சிறார் வளர்கின்றனர். 'மக்கு', 'மண்டு', 'லூசு' என்பன அவர்களுக்கு விளையாட்டு வசைகள்; அதே தெருவில் அறிவுசார் குறைபாட்டோடு வாழும் பிள்ளைக்கோ அவை நிலைத்த பெயராகிவிடக்கூடும். ஆகவே, திரையில் எவரைக் கண்டு சிரிக்கப் பழகுகிறார்கள் என்பது ஆய்வுக்குரியதாகிறது. அறிவுசார் குறைபாட்டை எள்ளுதல், எள்ளலுக்கு அஞ்சிப் பாத்திரத்தையே நீக்குதல் ஆகிய இரு போக்குகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

செயலின் பேதைமையும் உடலின் பேதைமையும்

பேதைமை கண்டு நகைத்தல் தமிழுக்குப் புதிதன்று. எள்ளலோடு இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றையும் நகையின் நிலைக்களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுத்துள்ளது. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் சீடர் ஐவருக்கும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்றே பெயர். எனினும் அங்கு நகை, குரு என்னும் உயர்ந்த இருக்கையை நோக்கிச் செல்கிறது. சீடர்கள் பேசுகின்றனர், வாதிடுகின்றனர், தவறான முடிவுக்கு முறையாக வந்து சேர்கின்றனர். அவர்களது பேதைமை செயலில் உள்ளது.

டிஸ்னி நிறுவனத்தின் 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' (1937) இதனினின்று வேறுபடுகிறது. குள்ளர் எழுவருள் தாடியும் பேச்சும் இல்லாதவர் டோபி ஒருவரே. மந்தம் என்னும் பொருள் அவரது பெயரிலேயே உள்ளது. பேச வருமா என்பது அவருக்கே தெரியாது, அவர் முயன்று பார்த்ததில்லை என்று உடனிருக்கும் குள்ளர் விளக்கம் தருகிறார். தொளதொளத்த அங்கியும் பெரிய காதுகளும் எஞ்சியதைச் சொல்லிவிடுகின்றன. பேதைமை இங்குச் செயலை விட்டு உடலில் ஏறிக்கொள்கிறது.

பேசாக் கழுதைப்புலி

'லயன் கிங்' (1994) படத்தின் மூன்று கழுதைப்புலிகளுள் எட் என்பதற்கு உரையாடலே இல்லை. நாத்தொங்கச் சிரிப்பதே அதன் மொழி. சண்டையின் நடுவே தன் காலையே தான் கடித்துக்கொள்கிறது. மருத்துவப் பெயர் எதுவும் படத்தில் சொல்லப்படவில்லை. வரைகோடுகளே அப்பணியைச் செய்கின்றன. ஆயினும் வேறொன்றும் அப்படத்தில் உண்டு. ஷென்சியும் பன்சாயும் எட்டிடம் கருத்துக் கேட்கின்றன. அதன் சிரிப்பைப் பொருளுடையதாகக் கொள்கின்றன. சிங்கக்குட்டிகள் நழுவி ஓடுவதை முதலில் கண்டு சுட்டிக்காட்டுவதும் எட்தான். பேச்சற்ற ஒருவரைப் புரிந்துகொள்ளும் சுற்றத்தைப் படம் தன்னையறியாமலே வரைந்துவிடுகிறது. எட்டை இழிவின் சான்றாக மட்டும் காண்போர் இதனைக் கவனிப்பதில்லை.

2019ஆம் ஆண்டின் மறுஆக்கம் அரவிந்த்சாமி, சித்தார்த் முதலியோரின் குரல்களோடு தமிழிலும் வெளிவந்தது. அதில் எட் இல்லை. ஷென்சியுடன் வரும் கமாரி, அசிசி இரண்டும் பேசுகின்றன. எள்ளல் அகன்றது; கூடவே பேசாத பாத்திரமும், அதனைப் புரிந்துகொண்ட சுற்றமும் அகன்றன. இதனைத் திருத்தம் எனக் கொள்ள இயலவில்லை.

நடிகர்கள் தோன்றும் தமிழ்ப்படத்திலும் நீக்கம் வேறு வடிவில் நிகழ்ந்துள்ளது. மணிரத்னத்தின் 'அஞ்சலி' (1990) குழந்தையின் நிலையை மறைக்காமல் பேசுகிறது. வெறுத்த குடியிருப்புச் சிறாரை அவளுக்கு நண்பர்களாக்குகிறது. ஆனால் இறுதியில் அஞ்சலி இறந்துபோகிறாள். அந்நட்பு நாள்தோறும் எவ்வாறு தொடரும் என்பதைக் காட்டும் தேவை படத்திற்கு நேரவில்லை.

'ஃபைண்டிங் டோரி' (2016) இச்சிக்கலை ஒரே படத்துக்குள் வைத்திருக்கிறது. டோரிக்கு இருப்பது அறிவுசார் குறைபாடன்று, அண்மை நினைவிழப்பு. அவள் வழிதவறாதிருக்கப் பெற்றோர் கிளிஞ்சல்களை வரிசையாக இடுகின்றனர். பிற்காலத்தில் அவற்றைத் தொடர்ந்தே அவள் அவர்களை அடைகிறாள். குறைபாட்டுக்கேற்பச் சூழலைத் திருத்தும் அரிய சித்திரிப்பு இது. அதே படத்தில் ஜெரால்டு என்னும் கடற்சிங்கம் பாறையிலிருந்து விரட்டப்படுவது நகைச்சுவையாகிறது. டோரி பேசுகிறாள், ஜெரால்டுக்குப் பேச்சில்லை. மதிப்பின் எல்லைக்கோடு பேச்சின்மீதே வரையப்பட்டுள்ளது.

சட்டமும் ஒலிமாற்றமும்

உடல், மனக் குறைபாடுடையோரை எள்ளும் காட்சிகள் தேவையின்றி இடம்பெறலாகாது என 1991ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கை நெறிகள் கூறுகின்றன. கழுதைப்புலியின்மேல் வரையப்பட்ட குறைபாட்டை இந்நெறி எவ்வாறு இனங்காணும் என்பது ஐயத்திற்குரியது. நிபுன் மல்ஹோத்ரா வழக்கில் 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவையையும் அவர்களைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவையையும் வேறுபடுத்தியது. அவ்வளவைக் கொண்டு நோக்கின், எட் தன் காலைக் கடிப்பது முதல் வகை. அதன் சிரிப்பைத் தோழர் பொருள்கொள்வது இரண்டாம் வகையை நெருங்குவது.

ஒலிமாற்ற உரையாடல் எழுதுவோர் வரைகோட்டை மாற்ற இயலாது. ஆனால் பேசாப் பாத்திரத்தைப் பிற பாத்திரங்கள் எவ்வாறு விளிக்கின்றன என்பது அவர்கள் கையில் உள்ளது. மூலத்தில் ஒரு செயலைப் பழிக்கும் சொல், தமிழில் 'லூசு' என ஆளைக் குறிக்கும் பெயராக மாறினால், மூலத்தில் இல்லாத இழிவு தமிழில் சேர்கிறது. 'டேய் எட், நீ என்னடா சொல்ற?' என்று தோழமையோடு கேட்கவும் அதே உதட்டசைவில் இடமுண்டு.