மெரினாவில் முதல் ஓட்டம்: புதிதாக ஓடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

கடற்கரையில் ஓடுவது என்றதும் சினிமாவில் பார்த்த காட்சிதான் கண்ணுக்குள் வரும்: வெறுங்கால், ஈரமணல், கணுக்காலை நனைக்கும் அலை. மெரினாவில் நாள் தவறாமல் ஓடுகிறவர்களைக் கவனியுங்கள். பெரும்பாலோர் மணல் பக்கமே போவதில்லை. காமராஜர் சாலையை ஒட்டிய நடைபாதையிலும் சர்வீஸ் ரோட்டிலும்தான் ஓடுகிறார்கள். கடல் பார்ப்பதற்கு, ஓடுவதற்குத் தரை. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது. மீதிப் பாதிக்கு இந்தக் குறிப்புகள்.

1. அலாரத்தைக் கடிகாரம் பார்த்து வைக்காதீர்கள், சூரியனைப் பார்த்து வையுங்கள். சென்னையில் மே மாதக் கடைசியில் 5.45-க்கு முன்பே வெளிச்சம் முகத்தில் அடிக்கும். ஜனவரியில் ஆறரை ஆகும். உதயத்துக்கு அரை மணி முன்னால் கடற்கரையில் நிற்பதுபோல் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். அங்கே ஒதுங்கி நிற்க நிழல் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம்.

2. பறக்கும் ரயிலில் வருகிறவர்களுக்குச் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்று நிலையங்களும் வசதி. நிலையத்திலிருந்து கடற்கரைக்கு நடக்கிற தூரமே உடம்பைச் சூடாக்கிவிடும். தனியாக வார்ம்-அப் என்று மெனக்கெட வேண்டாம். முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று முந்தின ராத்திரியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. உடை, ஷூ, சாவி, தண்ணீர் பாட்டில் நான்கையும் ராத்திரியே வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். அதிகாலையில் சாக்ஸ் தேடி விளக்கைப் போட்டு வீட்டையே எழுப்பினால், மறுநாள் ஓட்டத்துக்கு வீட்டிலிருந்தே தடை உத்தரவு வரும்.

4. பருத்தி பனியன் வேண்டாம். பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்துத் தொங்கும், அக்குளில் உரசும். விளையாட்டுக் கடைகளில் விற்கும் மெல்லிய பாலியெஸ்டர் டி-ஷர்ட், விலை குறைந்ததே போதும். அக்குள், உள்தொடை, பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிராவின் பட்டி படும் இடம் இவற்றில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளுங்கள். தடவாமல் போய்வந்தவர்கள் குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் கத்துவார்கள்.

5. ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். நின்றபடி பார்த்தால் பெருவிரல் நுனிக்கும் ஷூ முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விலையைப் பார்த்து மயங்காதீர்கள். காலுக்குப் பொருந்தாத பதினைந்தாயிரம் ரூபாய் ஷூவைவிடப் பொருந்துகிற இரண்டாயிரம் ரூபாய் ஷூ மேல்.

6. வெறும் வயிற்றில் ஓடலாமா? அரை மணி நேர மெதுவோட்டத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் போதும். பசி தாங்காதவர்கள் ஒரு சின்ன வாழைப்பழம் சாப்பிட்டு, அரை மணி கழித்துக் கிளம்பலாம். இட்லி சாப்பிட்டுவிட்டு ஓடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டபிறகே ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். சர்க்கரைக்காரர்கள் பாக்கெட்டில் நாலு மிட்டாய் வைத்திருப்பது நல்லது.

7. இனி முக்கியமான விஷயம்: எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கண்ணுக்கு நேராகத் தெரிகிற கோபுரம் என்பதால் பக்கத்தில் இருப்பதுபோலவே தோன்றும். ஓட ஓட அது நகராது. முதல் நாளே அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு ஓடிவிடலாம் என்ற ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கலங்கரை விளக்கத்தில் தொடங்கிக் காந்தி சிலை வரை போய்த் திரும்பினால் முதல் வாரத்துக்கு அது தாராளம்.

அதையும் ஒரே மூச்சில் ஓட வேண்டாம். இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1968-ல் இந்தக் கடற்கரை ஓரமாகத் தமிழ்ச் சான்றோர்களுக்கு வரிசையாகச் சிலை வைத்தார்கள். அவ்வையார், பாரதியார், வீரமாமுனிவர், ஜி.யு.போப் எல்லோரும் உண்டு. தூரம் கூட்டும்போது ஸ்டாப் வாட்ச் பார்ப்பதைவிட இவர்களைக் கணக்கு வைப்பது சுலபம்: ஒரு சிலையிலிருந்து அடுத்த சிலை வரை ஓட்டம், அதற்கடுத்தது வரை நடை. இடைவெளி ஒரே அளவாக இருக்காதே என்றால், இருக்காதுதான். ஒரு நாள் நடை கொஞ்சம் நீளும், ஒரு நாள் ஓட்டம் நீளும். உடம்பு இரண்டுக்கும் பழகும்.

8. வேகம் சரியா என்று தெரிந்துகொள்ளக் கைக்கடிகாரம் தேவையில்லை. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். நடுவில் மூச்சு இழுக்காமல் பேசி முடித்தால் சரியான வேகம். "ஆமா", "இல்ல" என்று ஒற்றைச் சொல்லாக வந்தால் வேகம் அதிகம், குறையுங்கள். தனியாக ஓடினாலும் கவலை இல்லை, எதிரே நடந்து வருகிற பெரியவர்களில் ஒருவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்: "மெதுவாப் போம்மா, கடல் எங்கேயும் ஓடிடாது."

9. கடற்கரைதானே, காற்று வரும் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கடற்காற்று பெரும்பாலும் பகல் ஏறி, நிலம் நன்றாகச் சூடான பிறகே உள்ளே வரும். விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி லேசாக வீசும், அல்லது அசைவே இருக்காது. ஈரப்பதமோ நிறைய. வியர்வை வழியும், காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? அதனால் ஏ.சி. அறையில் டிரெட்மில்லில் ஓடிப் பழகிய வேகத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

10. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் காற்று பலமாக இருந்தால் கலங்கரை விளக்கத்திலிருந்து வடக்குப் பார்த்துப் போங்கள். தெம்பு இருக்கும்போது எதிர்காற்று, களைத்துத் திரும்பும்போது முதுகில் காற்று. புயல் எச்சரிக்கை நாளில் போகவே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

11. மணலில் ஓடியே தீருவேன் என்பவர்களுக்கு: உதிரி மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. ஒவ்வொரு அடிக்கும் குதிகால் உள்ளே புதையும். அதை இழுத்து எடுப்பது ஆடுதசையும் குதிகால் நரம்பும். புதியவர்களுக்கு முதலில் பிடித்துக்கொள்வதும் அந்த இரண்டுதான். அலை ஓரத்து ஈரமணல் கெட்டிதான், ஆனால் சரிவு. கடல் பக்கத்துக் கால் பள்ளத்திலும் கரை பக்கத்துக் கால் மேட்டிலும் விழும். முழங்காலும் இடுப்பும் கோணும். ஓடி முடித்தபின் ஐந்து நிமிடம் நடந்து பார்க்க ஈரமணல் நன்றாக இருக்கும். அப்போதும் ஷூவோடு நடப்பதே உசிதம்: தூண்டில் முள், பாட்டில் உடைசல், ஐஸ் குச்சி எல்லாம் அங்கே புதைந்து கிடக்கும். மெரினா அலைக்கு இழுப்பு அதிகம். வியர்வை போக ஒரு முங்கு போடலாம் என்று இறங்காதீர்கள்.

(அலைக்குப் போய்ச் சேரவே எவ்வளவு மணல் தாண்ட வேண்டியிருக்கிறது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இவ்வளவு அகலம் ஆதியில் கிடையாது. வடக்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பியதும், கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே தடைபட்டு இந்தப் பக்கம் சேர ஆரம்பித்தது. கவர்னர் கிரான்ட் டஃப் நடைபாதை போட்டது 1884-ல். அவர் காலத்து நடைக்காரர்களுக்குக் கடல் இன்னும் கிட்டத்தில் இருந்தது.)

12. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு ராத்திரியில் ஏறி வரும். விடியும் முன் மணல் பக்கம் போனால் டார்ச்சோ செல்போன் விளக்கோ அடிக்காதீர்கள். அலையிலிருந்து மேலேறித் திரும்பின அகலமான தடம் தெரிந்தால் அதன்மேல் நடக்காமல், தோண்டிப் பார்க்காமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

13. நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். முறைத்துப் பார்க்காதீர்கள். ஓடுகிறவரைத்தான் அது துரத்தும்.

14. ஓடக் கூடாத காலைகள் சில: போகி அன்றைக்கு ஊரே புகை. தீபாவளிக்கு மறுநாளும் அப்படியே. ஜனவரியில் குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகை நடக்கும் நாட்களில் காமராஜர் சாலையில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். செய்தித்தாளில் முதல்நாளே அறிவிப்பு வரும். மெட்ரோ வேலைக்கான தடுப்புகளும் அவ்வப்போது இடம் மாறும்.

15. வீட்டுச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் தோள் இறுகும். ஷூ லேஸில் கோர்த்து முடிச்சுப் போட்டு, முடிச்சை நாக்குப் பட்டைக்கு அடியில் செருகுங்கள். செல்போனை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போடுங்கள், வியர்வை உள்ளே போகாது. அதோடு ஒரு நூறு ரூபாய் நோட்டும், பெயர், ரத்த வகை, வீட்டு எண் எழுதிய துண்டுச் சீட்டும். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை என்று எது வந்தாலும் உடனே உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். 108 அழைக்கத் தயங்க வேண்டாம்.

16. ஓடி முடித்ததும் அருகம்புல், வாழைத்தண்டு என்று ஜூஸ் வண்டிகள் கூப்பிடும். குடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் அது மருந்தும் இல்லை. அரை மணி ஓட்டத்துக்குத் தண்ணீரும், வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட நீர்மோரும் போதும். கோடையில் ஒரு மணிக்கு மேல் வியர்த்துக் கொட்டினால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, டீஸ்பூனைத் தலைதட்டி அளந்து கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவும்.

17. மீன் வாங்குகிறவர்கள் ஒரு மஞ்சப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நொச்சிக்குப்பம் பக்கம் காலையில் படகு கரையேறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மீனோடு வீடு திரும்ப ஓட வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள்.

18. வீட்டுக்குள் நுழையும் முன் ஷூவைக் கழற்றி இரண்டையும் ஒன்றோடொன்று தட்டுங்கள். உள்ளே இருக்கும் இன்சோலை உருவி எடுத்தால் அதன் அடியில் ஒரு பிடி மணல் இருக்கும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நிழலில், மின்விசிறிக்கு அடியில் காயவிடவும். தாள் நனைந்தால் மாற்றவும். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும்.

19. வியர்த்த டி-ஷர்ட்டை அழுக்குக் கூடையில் சுருட்டிப் போட்டால் அந்த வாடை பிறகு போகாது. உடனே அலசுங்கள். ஏற்கெனவே நாற்றம் ஏறியிருந்தால் ஒரு பக்கெட் பச்சைத் தண்ணீரில் அரை தம்ளர் வினிகர் ஊற்றி அரை மணி ஊறவைத்துத் துவைக்கவும். துணி வாசனைக்காக ஊற்றும் திரவம் இந்த வகைத் துணிக்கு ஆகாது. இழையில் படிந்து வியர்வை உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். சாக்ஸை உள்புறம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டுத் துவைத்தால்தான் மணல் உதிரும்.

20. மறுநாள் ஓட வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒருநாள். படி இறங்கும்போது தொடையின் முன்பக்கமும் ஆடுதசையும் இரண்டு காலிலும் ஒரே மாதிரி வலித்தால் அது பழகாத தசையின் வலி. இரண்டு மூன்று நாளில் தானே போகும், நடந்தால் சீக்கிரம் போகும். ஒரு காலில் மட்டும், விரலை வைத்து இதுதான் இடம் என்று காட்டும்படி, முக்கியமாக முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் வலித்தால் தைலம் தேய்த்துவிட்டு மறுபடி ஓடப் போகாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.